தாய்மாமன் நிற்கும் இடம்

12 மே 2025, திங்கள்

கடைக் கண்ணாடியில் இன்று ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒரு பொலிஸ்காரனும் ஒரு பொலிஸ்காரியும். மரியாதையாகத்தான் ஒட்டினார்கள். பிரெஞ்சு எனக்கு வாசிக்கத் தெரியாது. மருமகன் உதயன் வாசித்துச் சொன்னார். பாரிஸில் எங்கள் கடை இருக்கும் லா சப்பலில் இந்தச் சுற்றுத் தெருக்களில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு எந்தக் கடையும் பியரோ விஸ்கியோ விற்கக்கூடாது. குடித்துவிட்டுச் சண்டை பிடிக்கிறார்களாம். அது பொய்யில்லை. மெத்ரோப் பாலத்தடியில் போத்தல் குத்து வாங்கியவனை நானே கண்டிருக்கிறேன்.

"நல்லதுதானே தம்பி," என்றேன்.

"நல்லதுதான் மாமா. ஆனா வேலை முடிஞ்சு வாற பெடியள் ஆறு மணிக்குத்தானே வாறவங்கள். பியர் எடுக்க வாறவன்தான் அரிசியும் எடுக்கிறவன்."

தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஊரில் தவறணையை மூடிய நாளும் இப்படித்தான் இருந்தது. கள்ளுக்கடை போயிற்று, இனிச் சனம் திருந்தும் என்று எல்லோரும் நல்லது சொன்னார்கள். அம்மா விளக்கே ஏற்றினா.

19 மே, திங்கள்

ஐந்து மணிக்கு உதயன் குளிர்ப்பெட்டிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். கொஞ்ச நேரத்தில் பாலத்தடியில் ஒரு காரின் பின்கதவு திறந்தது. எங்கள் பெடியள் பியருக்கு வரிசையில் நின்றார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. கோயிலில் பிரசாதத்துக்கு நிற்பதுபோல.

11 யூன், புதன்

"என்னத்தை அப்பா எழுதுறியள்?" என்று மகள் தாட்சாயினி கேட்டாள். "சும்மா" என்றேன். சிரித்தாள். நான் பள்ளிக்கூடம் போகாதவன். பேத்தி லக்சிகாவைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போவேன். வெளியே குளிர் என்று பின்வரிசை வாங்கு ஒன்றில் நானும் குந்தியிருப்பேன். அவளுக்கு எழுத்து வந்தது, போய்விட்டது. எனக்கு நின்றுவிட்டது.

ஆனாலும் எழுத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. என்னிடம் இருப்பதெல்லாம் தலைக்குள்தான். யார் யாருக்கு மச்சான், யாருடைய அப்பப்பா எங்கே கலியாணம் முடித்தார், எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்து குடியேறியது. இங்கே கலியாணம் பேசுகிறவர்கள் சாதகம் பார்க்க முன்னம் என்னிடம் வருவார்கள். "பாலச்சந்திரன் ஐயா சொன்னால் சரி" என்று லா சப்பலில் ஒரு கதை.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன்? இன்றைக்கு வந்தவனை எழுதத் தொடங்கினேன், கை வேறு பக்கம் போகிறது.

வந்தவன் பெயர் ஸ்ரீபன். முப்பது முப்பத்திரண்டு வயது. மழித்த முகம், வெள்ளைச் சப்பாத்து, விரலில் நீலக்கல். ஐந்து வயதில் இங்கே வந்த பிள்ளை, ஆனாலும் நல்ல தமிழ். "ஐயா, சுகமே?" என்று இரண்டு கையும் கூப்பினான். கூட வந்த இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. அவர்கள் இவனை அண்ணை என்றார்கள். நரைத்தவன் இளந்தாரியை அண்ணை என்றால் அது வயதுக்குக் கிடைக்கிற மரியாதை இல்லை.

உதயனிடம் கேட்டான்: "அண்ணை, உங்கடை காவ் சும்மாதானே கிடக்கு? கொஞ்சச் சாமான் வைக்கலாமே?"

காவ் என்பது கடைக்குக் கீழே இருக்கும் நிலவறை. நாங்கள் அரிசி மூட்டை வைக்கிற இடம். என்ன சாமான் என்று உதயன் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். பாலத்தடியில் நின்ற கார் இப்போது இல்லை. அது கடைகளுக்குக் கீழே இறங்கிவிட்டது.

நானும் அவனுடன் "நீங்கள்" என்றுதான் கதைத்தேன். இங்கே அவன் என்று எழுதுகிறேன். வாய்க்கு வெட்கமில்லை.

20 யூன், வெள்ளி

எங்கள் அரிசி மூட்டைகள் மேலே வந்துவிட்டன. வாசலில் தடக்குகின்றன. உதயன் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கொஞ்ச நாளைக்குத்தான் மாமா."

3 யூலை, வியாழன்

மூன்று கடை தள்ளி ரேமண்டின் கடை. பாண்டிச்சேரிக்காரர், வயது எழுபதுக்குக் கிட்ட, எப்போதும் தொப்பி. காலையில் போனேன். முன்கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலைபோல வெடித்திருந்தது.

"என்ன நடந்தது?"

"அந்தப் பையன் வந்து காவ் கேட்டான் பெரியவரே. என் காவ்ல என் வெங்காயம் இருக்கு, உன் பியருக்கு இடமில்லன்னு சொன்னேன். ராத்திரி காத்து அடிச்சிருக்கு."

"காற்றா?"

"ஆமா. பரீஸ்ல இப்பல்லாம் காத்து சுத்தியல் எடுத்துக்கிட்டு வருது."

பொலிசில் சொல்லவில்லையா என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சாட்சி யாரு வருவா? இந்தத் தெருவுல எல்லாருக்கும் அவன் தம்பி, இல்லாட்டி அண்ணன். நான் ஒருத்தன்தான் அவனுக்கு ஒண்ணும் இல்லாதவன்."

இந்தச் சொல் நாள் முழுக்க என்னைக் கிண்டிக்கொண்டிருக்கிறது.

6 யூலை, ஞாயிறு

லக்சிகா பெரியபிள்ளையாகிவிட்டாள். பன்னிரண்டு வயது. தாட்சாயினி அழுதாள், சிரித்தாள், ஊருக்குப் போன் எடுத்தாள். பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லோருக்கும் சொல்ல வேண்டாம் என்று பிரெஞ்சில் கத்தியது.

முதல் தண்ணீர் வார்க்கத் தாய்மாமன் இல்லை. இல்லை என்பது தவறு. இருக்கிறான், பாரிஸுக்கு வெளியே திரான்சியில். என் மகன் பிருந்தாபன். கூப்பிடவில்லை.

ஒரு காலத்தில் இந்தக் கடையை அவனும் உதயனும் சேர்ந்துதான் நடத்தினார்கள். அவன் மன்னார்ப் பிள்ளை டிலானியை விரும்பினான். வேதக்காரப் பிள்ளை, தங்கமான பிள்ளை. தேவாலயத்தில் கலியாணம். உதயன் போகவில்லை, தாட்சாயினியையும் போகவிடவில்லை. "வேதக்கார வீட்டிலை நான் கை நனைக்கமாட்டன்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அடுத்த நாள் பிருந்தாபன் கடைத் திறப்புக் கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான். இப்போது விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறான். நான் மட்டும் போய்வருவேன்.

14 ஓகஸ்ட், வியாழன்

ஒக்ரோபர் 26, ஞாயிறு, சாமத்தியச் சடங்கு. மண்டபம் வில்லியே லே பெல் பக்கம். அந்த மண்டபத்துக்கு அடுத்த வருஷம் வரை நாள் இல்லை என்றவர்கள், ஸ்ரீபன் ஒரு போன் எடுத்ததும் நாள் தந்தார்கள்.

தாட்சாயினி நன்றி சொல்லத் தேத்தண்ணி கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுக் கோப்பையை மெல்ல வைத்தான். "அக்கா, தாய்மாமன் வரமாட்டாராம் எண்டு கேள்விப்பட்டன். பிள்ளை குறைப்படக் கூடாது. நான் நிக்கிறன்."

மாமன்தான் தேங்காய் உடைக்க வேண்டும். மாமன்தான் அறுகம்புல்லைப் பாலில் தோய்த்துப் பிள்ளையின் தலையில் வைக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

உதயன், "உங்களுக்குக் கரைச்சல்..." என்று இழுத்தார்.

"என்ன அண்ணை கரைச்சல்? குடும்பமெண்டு வந்திட்டால் பிறகு ஒண்டுக்கும் கடதாசி தேவையில்லை. பக்கத்துக் கடையும் காலியாகுதாம். உங்கடை பேரிலை எடுப்பம். பிறகு கதைப்பம்."

நான் இருமினேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

2 செப்டெம்பர், செவ்வாய்

பிள்ளையார் கோயில் தேர் முடிந்தது. தெருவெல்லாம் தேங்காய்த் தண்ணீர். ஸ்ரீபன் உடைக்க வைத்த தேங்காய் மலைபோல இருந்தது. அவன் நடந்து வரக் கூட்டம் தானாக ஒதுங்கியது. ஒரு தாய் கைக்குழந்தையை நீட்டினாள். அவன் அதன் நெற்றியில் திருநீறு பூசினான். நான் பார்த்தேன். பியர் விற்கிறவன் கையால் திருநீறு.

ஊர் நாகமுத்துவை இனியும் எழுதாமல் விட்டால் தலை வெடித்துவிடும்.

தவறணை மூடியபோது நான் சின்னப் பெடியன். கதவைத்தான் மூடினார்கள், ஆட்களின் தொண்டையை யார் மூடுவது? நாகமுத்து அதுவரை வண்டிலில் வைக்கோல் ஏற்றினவர். வைக்கோலுக்குள்ளே பீப்பா வரத் தொடங்கியது. கசிப்பு, கள்ளச்சாராயம். முதலில் ஒளித்து விற்றார். பிறகு ஒளிக்கவில்லை. வேறு யாரும் காய்ச்சினால் அவர்களுடைய அடுப்பு உடைந்தது, பிறகு கை உடைந்தது. விசாரிக்க வந்த பொலிஸ்காரருக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. கோயிலில் ஐந்தாம் திருவிழா அவருடையதாயிற்று. அதுவரைக்கும்கூட அவர் கள்ளன்தான். பயந்தோம், ஆனால் முதுகுக்குப் பின்னால் கள்ளன் என்று சொல்ல முடிந்தது.

கோசலை அக்கா பெரியபிள்ளையானா. அம்மாவின் தம்பி பாம்பு கடித்துச் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாகமுத்து வந்து முற்றத்தில் நின்று, "பிள்ளை குறைப்படக் கூடாது. நான் நிக்கிறன்" என்றார்.

அதே சொல். ஒரு எழுத்து மாறாமல் அதே சொல்! ஸ்ரீபன் பிறக்க முன்னமே செத்துப்போன மனிசன்.

எங்கள் ஐயா, என் தகப்பன், தலையாட்டினார். அதோடு எங்கள் வீட்டில் கள்ளன் என்ற சொல் போயிற்று. மாமனை யார் கள்ளன் என்பான்? இப்படி ஊரில் அரைவாசி வீட்டுக்கு அவர் மாமன். நேர்மையான இன்ஸ்பெக்டர் ஒருவர் மாற்றலாகி வந்து வீடு வீடாகக் கேட்டார். ஊரே ஊமை. மனிசன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு திரும்பிப் போனதைக் கண்டேன்.

பிறகு ஒருநாள் நாகமுத்து மாமன் உரிமையோடு வந்தார். "என்ரை மருமகளை நான் சொல்லுற இடத்திலை குடுங்கோ." தன் வண்டில்காரனுக்கு. ஐயா வாயே திறக்கவில்லை. அந்த வண்டில்காரன் முதலாளிக்காக ஆளை வெட்டிச் சிறைக்குப் போனான். அக்கா சோறு கட்டிக்கொண்டு மறியற்சாலைக்கு பஸ் ஏறினா. வாழ்நாள் முழுக்க அதுதான். செத்தபோது அடித்த கல்வெட்டுப் புத்தகத்திலும் அவனுடைய மனைவி என்றுதான் போட்டார்கள்.

லக்சிகா படிக்கிற பிள்ளை, இது பாரிஸ், அப்படியெல்லாம் நடக்காது என்று எனக்கு நானே சொல்கிறேன். கலியாணம் நடக்காது. ஆனால் வாய்? இந்த வீட்டு வாய் அடைபடுமே.

3 செப்டெம்பர், புதன்

உதயனுக்கு எல்லாம் சொன்னேன். அக்கா கதை முழுக்க.

"மாமா, அது அந்தக் காலம்."

"மனிசர் அதே மனிசர்தான் தம்பி."

"இப்ப வேண்டாம் எண்டு சொன்னால் நாளைக்குக் கண்ணாடி. நாளையிண்டைக்கு நான். நீங்கள் சொல்லுங்கோ, நான் என்ன செய்ய?"

அவருடைய கை நடுங்கியதைக் கண்டபிறகு ஏசவும் மனம் வரவில்லை.

21 செப்டெம்பர், ஞாயிறு

திரான்சிக்குப் போனேன். பஸ் பலகை வாசிக்கத் தெரியாது. பச்சைக் கதவு மருந்துக்கடை வந்தால் இறங்க வேண்டும். அந்தக் கதவுக்கு நீலம் அடித்துவிட்டார்கள், பாவிகள். இரண்டு தரிப்புத் தள்ளிப் போய்த் திரும்பி நடந்தேன்.

டிலானி என் வீங்கின காலைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தா. பிருந்தாபன் ரீவியை நிறுத்தவில்லை.

"தாய்மாமன் நீ இருக்க, ஆரோ ஒருத்தன் பாலறுகு வைக்கப்போறான்."

"வைக்கட்டும். என்னைக் கூப்பிட்டவையே? தண்ணி வாத்த சங்கதியே எனக்கு பேஸ்புக்கிலைதான் தெரியும்."

"நான் கூப்பிடுறன்."

"நீங்கள் கூப்பிட்டால் காணாது அப்பா. மச்சான் வரட்டும். இந்த மேசையிலை இருந்து சாப்பிடட்டும். பிறகு நான் தேங்காய் இல்லை, பூசணிக்காயும் உடைக்கிறன்."

டிலானி வாசல்வரை வந்தா. "மாமா, அவருக்கு வர விருப்பம். அந்தப் பிள்ளைக்கெண்டு யூலையிலையே சங்கிலி வாங்கி வைச்சிருக்கிறார். நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதையுங்கோ."

ஆக, இவனும் தயார். நடுவிலே உதயனின் பயம் மட்டும். அந்த இடத்தை நாங்கள்தான் காலியாக விட்டோம். வேதம், சைவம் என்று வீம்பு பிடித்து விட்டோம். காலி இடம் கண்டவன் வந்து குந்தினான். அவனை மட்டும் குறை சொல்லி என்ன?

4 ஒக்ரோபர், சனி

தாட்சாயினி காலையில் போனில் மரண அறிவித்தல் வாசித்தாள், வழமைபோல. ரொறன்ரோவில் மார்க்கண்டு. எண்பத்தாறு வயது.

மார்க்கண்டுவை எனக்குத் தெரியும். ஸ்ரீபனின் அப்பப்பா செல்லையாவுக்குச் சொந்தக்காரன்.

6 ஒக்ரோபர், திங்கள்

இரண்டு நாளாக இதே யோசனை.

செத்த வீட்டுத் துடக்கு உள்ளவன் மங்கலக் காரியத்தில் நிற்கக்கூடாது. கோயிலுக்கே போகக்கூடாது, பிறகெங்கே பிள்ளையின் தலையில் பாலறுகு! ஆண்வழிப் பங்காளி என்றால் முப்பத்தொரு நாள். சடங்கு அதற்குள் வருகிறது.

ஆனால் மார்க்கண்டு பங்காளி இல்லை. செல்லையாவின் பெண்சாதியுடைய தமையன் மகன். பெண்வழி. ஸ்ரீபன் தலை முழுகினால் போதும், அதுவும் வேண்டியதில்லை.

மார்க்கண்டுவின் தகப்பனும் செல்லையாவும் கூடப்பிறந்தவர்கள் என்று யாராவது சொன்னால்?

யார் சொல்வது? இதை அறிந்தவர்களில் இங்கே இருப்பது நான் ஒருவன். செல்லையா வேறு ஊரிலிருந்து வந்து குடியேறினவர். ஸ்ரீபனின் தகப்பன் செத்து இருபது வருஷம். தாய்க்கு அந்தப் பக்கத்து உறவு தெரியாது. ஒரு முறை அவவே என்னிடம் வந்து கேட்டுப் போனவ.

எழுதாமலே இவ்வளவு காலம் சனம் என்னை நம்பியது. நான் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. அக்காவின் புருஷனைப் பற்றிக்கூட உள்ளதைத்தான் சொன்னேன்.

8 ஒக்ரோபர், புதன்

செய்துவிட்டேன்.

ரெயில் ஏறி, பஸ் பிடித்து, வில்லியே லே பெல்லில் ஸ்ரீபனின் தாய் ஜெகதீஸ்வரியிடம் போனேன். சின்ன வீடு. சுவரெல்லாம் சாமிப்படம். மகன் வாங்கிக் கொடுத்த பெரிய ரீவிக்கு மேலே துணி மூடியிருந்தது. நல்ல மனிசி. அதுதான் கஷ்டம்.

"வாங்கோ அண்ணை! கதிரையிலை இருங்கோ. மகன் உங்கடை பேத்திக்கு மாமனா நிக்கப்போறன் எண்டு வேட்டி சால்வை எல்லாம் வாங்கி வைச்சிருக்கிறான்."

"அதுதான் வந்தனான் பிள்ளை. மார்க்கண்டு மோசம் போயிட்டானெல்லே."

"எந்த மார்க்கண்டு?"

சொன்னேன். என் குரல் மாறவில்லை. மார்க்கண்டுவின் தகப்பன், செல்லையாவின் தமையன் என்றேன். அவர்கள் வளவுக்கு ஒரு கிணறு வைத்தேன், இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு என்றேன். பொய்க்கு ஒரு கிணறு வெட்டினேன்.

அவ வாயைப் பொத்திக்கொண்டா. "ஐயோ, எங்களுக்கு ஆரும் சொல்லேல்லையே! நேற்றும் கோயிலுக்குப் போய் விளக்கு வைச்சிட்டு வந்தன். பாவம் எல்லே அண்ணை!"

"தெரியாமல் செய்தது பாவமில்லை."

தெரிந்து செய்தது? அதை அவ கேட்கவில்லை.

9 ஒக்ரோபர், வியாழன்

ஸ்ரீபன் தனியாக வந்தான். உதயன் கல்லாவில் கல்லாக நின்றார்.

"பாரிசிலை ஆரம்மா துடக்குப் பாக்கினம் எண்டு கேட்டன் ஐயா. அம்மா வேட்டியைத் தூக்கி ஒளிச்சுப்போட்டா. நான் போனால் அவ பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டாவாம்." சிரித்தான். "அம்மாவோடை ஏலாது."

"அம்மா சொன்னால் கேட்கத்தானே வேணும் தம்பி."

"ஓம். நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும். எங்கடை ஆக்கள் எல்லாரும் உங்கடை தலைக்குள்ளை தானே இருக்கினம்." என் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தான். "கவனமா வைச்சிருங்கோ."

அவன் போனான். உதயன் கதவைப் பார்த்தபடி, மிக மெல்லக் கேட்டார்: "மாமா, மச்சான் வருவானே?"

12 ஒக்ரோபர், ஞாயிறு

உதயன் திரான்சியில் சாப்பிட்டார்!

வாசலில் மச்சானும் மச்சானும் நின்ற நிலை, இரண்டு ஆட்டுக்கடா நின்றதுபோல. டிலானிதான் ஈ இலையான் கலைப்பதுபோலக் கையை வீசி, "சோறு ஆறுது, பிறகு முறையுங்கோ" என்றா. மீன் குழம்பு, கீரை, முட்டைப் பொரியல். உதயன் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தார்.

பிருந்தாபன் விடவில்லை. "பாத்துச் சாப்பிடுங்கோ மச்சான், வேதக்கார மீன். முள்ளு சிலுவை மாதிரி இருக்கும்."

உதயன் தலை நிமிரவில்லை. "குழம்பு இன்னுங் கொஞ்சம் விடுங்கோ தங்கச்சி," என்றார்.

அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் முகம் கழுவுவதாகச் சொல்லிக் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

26 ஒக்ரோபர், ஞாயிறு

நடந்தது. பிருந்தாபனுக்குத் தேங்காய் முதல் அடிக்கு உடையவில்லை. "பெட்டி ஏத்துற கையடா, அடி!" என்று யாரோ கத்த மண்டபம் சிரித்தது. இரண்டாவது அடிக்குச் சரிபாதி. பாலறுகு வைத்தபோது லக்சிகா "சே ஃப்ருவா, தொன்தொன்!" என்று சிணுங்கியது. பால் குளிர்கிறதாம்; தொன்தொன் என்றால் மாமன். டிலானி சபையை மறந்து, தன்னை மறந்து, சிலுவை போட்டுக்கொண்டா. ஐயர் பார்த்தார், பார்க்கவில்லை.

ஸ்ரீபனிடமிருந்து ஒரு பெரிய பழக்கூடை வந்தது. அதைத் தாட்சாயினி மேடையில் வைக்கவில்லை, குசினிக்குள் வைத்தாள்.

4 நவம்பர், செவ்வாய்

மச்சான்மார் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஸ்ரீபனுக்குப் போன் எடுத்தார்கள். காவ் எங்களுக்கு வேண்டும், பக்கத்துக் கடையும் எடுக்கவில்லை என்றார்கள். நான் அருகில் இருந்தேன். "பரவாயில்லை அண்ணை" என்றானாம். பின்னேரம் வான் வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போனது. அரிசி மூட்டைகள் கீழே போயின.

பரவாயில்லை என்றவன் நல்லவனாக இருந்தால் நான் ஏன் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

13 நவம்பர், வியாழன்

காற்று எங்கள் கடைக்கும் வந்தது. முன்கண்ணாடி முழுக்க.

தாட்சாயினி அழுதபடி கூட்டினாள். உதயன் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்த மனிசன் இனி ஓடிப்போய்க் காலில் விழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மேலங்கியைப் போட்டார். "மச்சானுக்குப் போன் அடிக்கிறன். பொலிசுக்குப் போவம்." பிறகு தனக்குத்தானே சொன்னார்: "அவன் எங்களுக்கு ஆர்?"

பிருந்தாபன் வந்து சேர்ந்ததும் இரண்டு பேரும் தெருவில் இறங்கி நடந்தபோது, ரேமண்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு கடைக் கதவை இழுத்துப் பூட்டினார். "இருங்கப்பா, என் கண்ணாடியும் வருது," என்று பின்னால் ஓடினார்.

ஐயாவுக்கு இப்படி ஒரு நாள் கிடைக்கவில்லை.

23 நவம்பர், ஞாயிறு

ஸ்ரீபனின் ஆட்கள் இரண்டு பேரைப் பொலிஸ் கொண்டுபோனது. அவனைப் பிடிக்கவில்லை. இந்தத் தெருப்பக்கம் அவன் இப்போது வருவதில்லை. உதயன் சிரிக்கிறார். ஐந்து மணிக்குக் குளிர்ப்பெட்டியைப் பூட்டும்போது பாட்டும் வருகிறது.

கோயில் வாசலில் ஜெகதீஸ்வரியைக் கண்டேன். மெலிந்துவிட்டா. "முப்பத்தொரு நாளும் மரக்கறிதான் அண்ணை. ஒருநேரச் சாப்பாடு. அந்தியேட்டிக் கிரியையும் செய்விச்சன், ஆரோ எவரோ எண்டாலும் எங்கடை இரத்தமெல்லே. நீங்கள் வந்து சொல்லாட்டி என்ன பாவம் செய்திருப்பன்!" என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா.

வீட்டுக்கு வந்து அந்தக் கையைக் கழுவினேன். எதற்குக் கழுவினேன்?

2 டிசம்பர், செவ்வாய்

பின்னேரம் ஒரு ஆள் கடைக்கு வந்தார். வில்லியே லே பெல்லில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறவராம். அரிசி விலை கேட்டார், வாங்கவில்லை. ஆட்கள் போகும்வரை நின்றார். பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"ஐயா, என்ரை மூத்தவளுக்குத் தைமாதம் சடங்கு. மனிசியின்ரை தமையன் ஊரிலை, விசா கிடைக்கேல்லை. ஸ்ரீ அண்ணை தான் நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டார்."

நான் கதவைப் பார்த்தேன்.

"என்ரை கடைக்குக் கீழையும் பெட்டியள் இருக்கு ஐயா. இஞ்சை எடுத்ததெல்லாம் அங்கைதான் வந்து இறங்கினது."

எங்கள் காவில் இருந்தவை. நான் கிளப்பிவிட்டவை.

"உங்கடை வீட்டுச் சடங்கு எப்பிடி மாறினது எண்டு கேள்விப்பட்டன்." இன்னும் கிட்ட வந்தார். மூச்சில் வெங்காய மணம். "அவருக்கு இன்னும் ஆராவது சொந்தக்காரர் இருக்கினமே ஐயா? வயசு போனவை, சுகமில்லாதவை? தைக்குள்ளை ஒரு துடக்கு வந்தால்... நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

எழும்பிப் போகச் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அவருடைய கையைக் கண்டேன். செப்டெம்பரில் உதயனின் கை நடுங்கியதுபோலவே நடுங்கியது.

"பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டேன்.

"மெலானி ஐயா. பதின்மூண்டு."

அவர் போன பிறகு செல்லையாவின் ஆட்களை ஒருவர் ஒருவராக நினைத்துப் பார்த்தேன். லண்டனில் ஒருவர், சுவிசில் ஒருவர், ஊரில் படுக்கையில் ஒருத்தி. எல்லாம் பெண்வழி. எல்லாவற்றுக்கும் கிணறு வெட்ட வேண்டும்.

தாட்சாயினியைக் கூப்பிட்டு, இன்றைக்கு எங்கெங்கே யார் யார் மோசம் போனார்கள் என்று மரண அறிவித்தலை வாசிக்கச் சொன்னேன்.